எசெகியெல்: இத்தோய்ஸ் குழுவின் கதைத் தட்டை எப்படிக் கேட்பது, எந்த வடிவில் வாங்குவது

ஸ்பெயினின் வடக்கும் பிரான்ஸின் தென்மேற்கும் சேரும் இடத்தில் உள்ள பாஸ்க் நாட்டின் இத்தோய்ஸ் என்ற ராக் குழு 1980-ல் வெளியிட்ட 'எசெகியெல்' தட்டிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்துக் கேட்டால், "புல்லாங்குழல் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். முதல் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்தின் முடிவு வரை, வரிசை குலையாமல் கேட்டால் அது வேறொரு தட்டு. கான்செப்ட் ஆல்பம் என்று சொல்லப்படும் வகை இது: எசெகியெல் என்ற ஒரே ஆளைச் சுற்றி எல்லாப் பாட்டும் கட்டப்பட்டிருக்கிறது. எனவே பாட்டுகள் எப்படி என்பதோடு, இந்த வரிசை கெடாமல் நம் காதுக்கு வந்து சேர எந்த வடிவம் சரி, எங்கே என்ன பிசகும் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்கள். கடற்கரையில் முத்ரிக்கு, ஒந்தர்ரோவா என்று அருகருகே இரண்டு மீன்பிடி ஊர்கள். முத்ரிக்கு கிபுஸ்கோவா மாகாணத்தின் மேற்கு ஓரம், ஒந்தர்ரோவா பிஸ்காயா மாகாணத்தின் கிழக்கு ஓரம். மாகாணம் மாறினாலும் பேச்சும் கடலும் ஒன்றுதான். இந்தக் கரையில் 1970-களின் நடுவில் 'இந்தார் திராபெஸ்' என்ற பெயரில் ஊர்த் திருவிழாக்களுக்கு நடன இசை வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் பிறகு இத்தோய்ஸ் ஆனார்கள். பெயரில் வரும் 'த்த', நம் 'பத்து' என்ற சொல்லில் வருவது போல அழுத்தமாக, நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டியது. பாடியவரும் கிட்டார் வாசித்தவரும் பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டமைத்தவரும் முத்ரிக்குக்காரரான ஹுவான் கார்லோஸ் பெரெஸ்.

நடனக் குழுவாக இருந்தது சின்ன விஷயமில்லை. திருவிழா மேடையில் கால்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது தாளம் தப்பினால் அந்த நொடியே தெரிந்துவிடும். அப்படிப் பழகிய பாஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான் பின்னாளில் நீண்ட, தாளம் மாறி மாறிப் போகும் பாட்டுகளுக்கு முதுகெலும்பாகக் கிடைத்தது. ஸ்டூடியோ நேரத்துக்கும் அது உதவும். அந்தக் காலத்துப் பல்தடப் பதிவில் 2 அங்குல அகல நாடா ஒரு சுருள் ஏறத்தாழ 762 மீட்டர். நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேகத்தை இரட்டித்தால் 16 நிமிடம் சொச்சம். 7 நிமிடப் பாட்டை நான்கு முறை வாசித்துப் பார்ப்பதற்குள் ஒரு சுருள் போய்விடும். சிறு நிறுவனத்துக்காகப் பதிவு செய்யும் எந்த இளம் குழுவும் ஸ்டூடியோவுக்குள் நுழையுமுன்பே பாட்டை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டிய காலம் அது.

1978-ல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு முதல் தட்டு ஷோஷோவா நிறுவனத்தில் வந்தது. ஷோஷோ என்றால் கருங்குருவி. பாஸ்க் நாட்டில் இன்றும் கூட்டமாகப் பாடப்படும் 'லாவ் தெய்லாத்து', அதாவது 'நான்கு கூரைகள்', இந்தத் தட்டில்தான் இருக்கிறது. எளிய மெட்டு, கிட்டார், நிலவு, நான்கு கூரை. கேட்ட மறுநிமிடம் வாயில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு பாட்டை நம்பி முழுத் தட்டையும் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மீதிப் பாட்டுகள் இப்படி இல்லை. 'ஹில்சோரி' என்று ஒரே தலைப்பில் ஒன்று, இரண்டு என இரு பகுதிகள் உண்டு. 'ஹில்' என்றால் சாவு, 'சோரி' என்றால் விதி, தறுவாய். சேர்த்தால் சாகும் தறுவாய். ஒரு கருவைப் பிரித்து இரண்டு பாட்டாக நடத்திப் பார்க்கும் ஆசை முதல் தட்டிலேயே தெரிகிறது. ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், கேமல் போன்ற இங்கிலாந்து ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் ஆசை அது. இரண்டே ஆண்டில் அந்த ஆசை முழுத் தட்டாக விரிந்தது.

ஒரு முழுத் தட்டைக் கதையாக்கப் புறப்படும் இளம் குழுக்கள் எங்கே சறுக்குகின்றன என்பதைப் பார்த்துவிட்டால், எசெகியெல் எங்கே தேறியது என்பது விளங்கும். பெரும்பாலான குழுக்கள் நிகழ்ச்சிகளைச் சொல்லப் போகும்: ஆள் பிறந்தான், ஊரை விட்டுப் போனான், ஒருத்தியைப் பார்த்தான், சண்டை வந்தது. இவ்வளவையும் 40 நிமிடத்தில், அதுவும் பாட்டு வரிகளுக்குள் அடைக்க முயன்றால் வரிகளில் சொற்கள் நெரியும். பாடகருக்கு மூச்சு விட இடமிருக்காது. வாத்தியங்கள் வாய் திறக்க வழியிருக்காது. கேட்பவர் தாளைப் பார்த்துப் படிக்காமல் எதுவும் புரியாது. இரண்டாவது சறுக்கல், தொடக்கத்தில் ஒரு பெரிய முன்னுரை வாத்தியக் கோவை வைத்துவிட்டு அதில் வந்த மெட்டுகளைப் பிறகு மறந்துவிடுவது. நாலிலிருந்து எட்டு சுரம் கொண்ட ஒரு சிறு துணுக்கு, தட்டில் மூன்று இடங்களிலாவது, ஒவ்வொரு முறையும் வேறு வாத்தியத்தில் அல்லது வேறு வேகத்தில் திரும்பி வந்தால்தான் காது "இதை முன்பே கேட்டோமே" என்று பிடித்துக்கொள்ளும். ஒரே ஒருமுறை வந்தால் அது அலங்காரம். ஏழெட்டு முறை அப்படியே வந்தால் சலிப்பு.

எசெகியெல் நிகழ்ச்சிகளின் பின்னால் போகவில்லை. பாட்டுத் தலைப்புகளையே பாருங்கள். 'எசெகியெலென் எஸ்னட்சேயா', 'எசெகியெலென் இக்கஸ்காயா' என்று வருகின்றன. முதலாவது எசெகியெலின் விழிப்பு. இரண்டாவது எசெகியெலின் பாடம். இவை ஒரு மனம் கடந்து போகும் நிலைகள். யார் எங்கே போனார் என்று தெரியாவிட்டாலும், தூக்கம் கலைகிறது, ஏதோ கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதைப் புல்லாங்குழலும் வயலினும் கீபோர்டும் சொல்லிவிடும். பாஸ்க் மொழி ஒரு சொல்கூடத் தெரியாதவர் இந்தத் தட்டைப் பின்தொடர முடிவதற்குக் காரணம் இதுதான். வரிசை குலைந்தால் தட்டே குலைவதற்கும் காரணம் இதுதான். விழிப்புக்கு முன்னால் பாடம் வந்தால் இரண்டுக்கும் பொருளில்லை.

எசெகியெல் என்ற பெயர் வேதாகமத்துத் தீர்க்கதரிசியின் பெயர். தமிழ் வேதாகமத்தில் எசேக்கியேல் என்று படித்திருப்போம். உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கையும் சக்கரங்களுக்குள் சக்கரத்தையும் கண்டவர். கத்தோலிக்கம் ஊறிய நாட்டில் அந்தப் பெயரைத் தட்டின் நெற்றியில் எழுதினாலே, வரப்போவது தரிசனமும் எச்சரிக்கையும் என்று கேட்பவருக்குப் பாதி சொல்லியாகிவிட்டது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் கேட்பவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. பாஸ்க் மொழி வேறு எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத மொழி. தமிழோடும் உறவில்லை. ஆனால் கட்டுமானம் நமக்குப் பழகியது. நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். வினை பெரும்பாலும் கடைசியில் வரும். 'எசெகியெலென்' என்பதில் உள்ள 'என்', நம் 'எசேக்கியேலின்' என்பதில் உள்ள 'இன்' செய்யும் அதே வேலையைச் செய்கிறது. 'எஸ்னட்சேயா'வில் 'எஸ்னா' விழிப்பு நிலை, 'ட்சே' நம் 'தல்' போலத் தொழிற்பெயராக்குவது, கடைசி 'ஆ' குறிப்பிட்ட அதைச் சுட்டுவது. 'இக்கஸ்காயா'வில் 'இக்கஸ்' கற்றல், 'காய்' பொருள். கற்கும் பொருள், அதாவது பாடம். பாட்டு வரித் தாள் கையில் இருந்தால் 'எதா' என்றால் 'உம்', 'எஸ்' என்றால் 'இல்லை', 'பாய்' என்றால் 'ஆம்', 'நி' என்றால் நான், 'சு' என்றால் நீங்கள் அல்லது நீ, 'ஹி' என்றால் மிக நெருக்கமான நீ என்ற ஆறு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எங்கே மறுக்கிறார், எங்கே இன்னொருவரிடம் பேசுகிறார் என்பது பிடிபடத் தொடங்கும். 'ஹி' போட்டுப் பேசும்போது கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வினையே மாறும். 'டா', 'டி' போட்டு வளர்ந்த நமக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம்.

இந்த மொழியில் ராக் பாடுவதே அப்போது புதிது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ 1975 நவம்பரில் இறக்கும்வரை பாஸ்க் மொழிக்குப் பொதுவெளியில் இடம் மிகச் சிறிது. 1960-களின் நடுவில் தொடங்கிய 'எஸ் தொக் அமாயிரு' இயக்கத்தில் மிக்கெல் லபோவா, பெனித்தோ லெர்ச்சுந்தி போன்றவர்கள் பாடினார்கள். அது பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கிட்டார். எழுத்து மொழிக்கான பொது வடிவத்தின் அடிப்படையே 1968-ல் அரன்சசுக் கூட்டத்தில்தான் வகுக்கப்பட்டது. எனவே 1970-களின் குழுக்கள் ஒவ்வொரு வரியிலும் ஏட்டு மொழியா ஊர்ப் பேச்சா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. 'லாவ் தெய்லாத்து' கடற்கரைப் பேச்சைத் தேர்ந்தது. ஏட்டில் 'கயினேயன்' என்று எழுதுவது பாட்டில் 'கயினியன்' என்று வருகிறது. நாம் 'மேலே'யை 'மேல' என்பது போல.

இசையின் குறை நிறை. பெரெஸின் குரல் மென்மையானது. கூரையைப் பிளக்கும் குரல் இல்லை. தீர்க்கதரிசி என்றதும் இடிமுழக்கத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறலாம். எங்கள் கணிப்பில் இந்த மென்மைதான் தட்டைக் காப்பாற்றுகிறது. கத்திச் சொன்னால் பிரசங்கமாகியிருக்கும். நாட்டார் மெட்டின் எளிமையும் ஜாஸின் வளைவும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருவது இக்குழுவின் பலம். தாளமாற்றங்கள் உறுத்தாமல் போகின்றன. பாஸ்க் மரபில் 'சோர்ட்சிக்கோ' என்ற ஐந்தெண்ணிக்கைத் தாளம் புழங்குவதால், ஒற்றைப்படை எண்ணிக்கை அந்த ஊர்க் காதுக்கு அந்நியமில்லை. கண்ட நடை பழகிய நம் காதுக்கும் அப்படியே. குறை என்று சொல்வதானால், வாத்தியப் பகுதிகளில் சில, குறிப்பாகக் கீபோர்டின் ஒலி, அந்தக் காலத்துக்கே உரியது. 1980-ன் ஒலிவண்ணம் பிடிக்காதவருக்குப் பழக இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். டிரம்ஸின் ஒலி வறண்டு, எதிரொலியில்லாத சிறு அறையில் வாசித்தது போல இருக்கிறது. இன்றைய தட்டுகளின் பெரிய அதிர்வு இதில் கிடைக்காது. ஒலிபெருக்கியின் பாஸைத் திருகி ஏற்றினால் அந்த அதிர்வு வராது. பாஸ் கிட்டாரின் நடை மட்டும் கலங்கிப் போகும்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கிடைப்பவை மூன்று வழி: ஷோஷோவா வெளியிட்ட பழைய வினைல் தட்டு, பின்னால் வந்த சிடி, இணைய ஸ்ட்ரீமிங்.

வினைலில் இந்த வகைத் தட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதில் பாஸ்க் மொழிக்கும் பங்குண்டு. 30 சென்டிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பக்கத்தின் முடிவில், உள் வளையத்தில், அதுவே 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 'ஸ்' என்ற ஒலியின் கூர்மை 7,000 ஹெர்ட்ஸ் பக்கம் என்று வைத்தால், அந்த ஓர் அலை வெளி விளிம்பில் 73 மைக்ரான் நீளத்தில் விரிந்து கிடக்கும், உள்ளே 30 மைக்ரானுக்குள் நெருங்கிவிடும். சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமே 15 முதல் 18 மைக்ரான். அந்த நெருக்கமான வளைவுக்குள் அது இறங்க முடியாமல் மேலே தத்திப் போகும். அதுதான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் கேட்கும் கரகரத்த 'ஸ்ஸ்'. பாஸ்க் மொழியில் இந்தச் சீறொலிகள் ஆறு: மூன்று வெறும் சீறல், மூன்று 'ட்ஸ்', 'ச்ச' போல முட்டி வெளிவருபவை. மேற்குக் கடற்கரைப் பேச்சில் இவற்றில் சில ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றாலும் எண்ணிக்கையில் குறைவில்லை. ஒரு வரியில் நாலைந்து சீறல் வரும் மொழியில் கதையின் முடிவு உள் வளையத்தில் வந்து விழுகிறது. கதைத் தட்டில் முடிவுதானே முக்கியம்?

எனவே இதை வினைலில் கேட்க நினைப்பவர் முதலில் ஊசியைப் பார்க்க வேண்டும். உருண்டை முனை போதாது. குறைந்தது நீள்வட்ட முனை வேண்டும். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ போன்ற கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசியைத் தாங்கும் பாகத்தில், இருப்பது 0.3 × 0.7 மில் நீள்வட்டம் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஊசி தட்டை அழுத்தும் எடை 1.8 முதல் 2.2 கிராம், 2 கிராமில் வைப்பது வழக்கம். அதே உடலில் இன்னும் மெல்லிய மைக்ரோலைன் முனை மாட்டினால் உள் வளையம் இன்னும் தெளியும். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்று 1.5 கிராமுக்கு இறக்குகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. ஊசி பள்ளத்துச் சுவரில் சரியாக அமராமல் குதித்துக் குதித்துச் சுவரைச் சிதைக்கும். அளவுத் தராசு ஒன்று கையில் இருக்கட்டும்.

அடுத்தது கோணம். ஒரு முனையில் ஊன்றிச் சுழலும் ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை, தட்டின் மேல் இரண்டு இடங்களில் மட்டுமே பள்ளத்துக்குச் சரியான நேர்கோட்டில் நிற்கும். பேர்வால்ட் என்பவரின் கணக்கில் அந்த இடங்கள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரும் 120.9 மில்லிமீட்டரும். ஸ்டீவன்சன் கணக்கில் 60.3-உம் 117.4-உம். பின்னது உட்புள்ளியைப் பக்கத்தின் கடைசி வளையத்திலேயே வைக்கிறது. நடுப்பகுதியில் கொஞ்சம் இழப்பு, முடிவில் ஆதாயம். கதைத் தட்டுகளை அதிகம் கேட்பவருக்கு ஸ்டீவன்சன் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. இந்தப் புள்ளிகளைக் காட்டும் கோண அட்டையை அச்சிடும்போது அளவு மாறாமல் 100 விழுக்காட்டில் அச்சிட வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் அதை நீக்குங்கள். அட்டையில் இருக்கும் அளவுக்கோட்டை ஒரு ஸ்கேலால் சரிபார்த்த பிறகே கார்ட்ரிட்ஜில் கை வைக்க வேண்டும்.

பழைய தட்டு வாங்கும்போது விற்பவரிடம் "கீறல் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டை ஓட்டிப் பார்த்தாரா, சீறொலி கிழிகிறதா என்று கேளுங்கள். முந்தைய சொந்தக்காரரின் தேய்ந்த ஊசி செய்த சேதம் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. பாட்டு வரித் தாள் சேர்ந்து வருகிறதா என்பதையும் கேளுங்கள். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் ஒரே விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் இருந்தால் பலமுறை ஓடிய தட்டு.

புல்லாங்குழல் அதிகம் உள்ள தட்டு என்பதால் இன்னொரு சோதனை முக்கியம். நடுத்துளை மையத்தில் இல்லாமல் தள்ளி அமைந்திருந்தால் சுருதி மேலும் கீழும் ஆடும். துளை அரை மில்லிமீட்டர் விலகினால் உள் வளையத்தில் வேகம் 0.8 விழுக்காட்டுக்கு மேல் இருபுறமும் அசையும். டிரம்ஸில் இது தெரியாது. இழுத்துப் பிடித்த புல்லாங்குழல் சுரத்தில் உடனே தெரியும். ஆட்டம் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால் தட்டின் துளைக் கோளாறு, ஏனென்றால் தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் அதுதான். ஒழுங்கில்லாமல் வந்தால் உங்கள் டர்ன்டேபிளின் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். தட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

கழுவுவதற்கு வடிநீர் போதும். அதில் சில விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் ஓரிரு துளி வாசனையில்லாத சோப்பு நீரும் கலந்துகொள்ளலாம். பள்ளத்தின் போக்கில் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே அல்ல. சோப்புப் படிவு ஊசியில் ஒட்டும், எனவே கடைசியாக வெறும் வடிநீரால் ஒருமுறை. செங்குத்தாக நிறுத்தி 20 நிமிடம் உலரவிட்டு, புதிய பாலித்தீன் உள்ளுறையில் போடுங்கள். பழைய பிவிசி வெளியுறைகள் காலப்போக்கில் தட்டின் மேல் மங்கிய படலம் விட்டுவிடும். அவை இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

சிடியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் நொடி போலவே கடைசி நொடியும். ஆனால் பக்கம் திருப்பும் இடைவெளி போய்விடுகிறது. அது வெறும் எந்திர வசதிக் குறைவு என்று நினைத்தால் தவறு. வினைல் காலத்தில் கதைத் தட்டு எழுதியவர்கள் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் என்று அளந்து, முதல் பக்கத்தின் முடிவை ஒரு காட்சித் திரை போல எழுதினார்கள். 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே வரும். இந்தக் கட்டாயமே கதைக்கு இரண்டு அங்கம் தந்தது. சிடியில் கேட்பவர் முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிகிறது என்பதைப் பழைய தட்டின் பட்டியலில் பார்த்துக்கொண்டு, அங்கே நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டுத் தொடரலாம்.

சிடியிலிருந்து கணினிக்கு எடுப்பவர்கள் எம்பி3-ஐத் தவிர்க்கலாம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டம் 26 மில்லிநொடி. பாட்டின் நீளம் அந்தக் கட்டத்துக்குள் சரியாக அடங்காததால் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். தனிப் பாட்டில் இது காதில் விழாது. ஓர் ஒலி அடங்குமுன் அடுத்தது எழும் இடத்தில் விக்கல் போலக் கேட்கும். ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. மீண்டும் சிடியில் எழுதுவதானால் தடம் தடமாக எழுதும் முறையை விட்டு முழுத் தட்டையும் ஒரே வீச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் 2 நொடி வெற்றிடம் நுழையும்.

ஸ்ட்ரீமிங்கில் கெடுப்பவை செயலியின் அமைப்புகள். கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கரைக்கும் கிராஸ்ஃபேட் பூஜ்யம். இடைவெளியில்லா ஒலிப்பு என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். ஆட்டோப்ளேயையும் அணைத்துவிடுங்கள். கடைசிப் பாட்டு அடங்கும்போதே சம்பந்தமில்லாத வேறொரு குழு உள்ளே நுழைவதைவிட மோசமான முடிவு ஒரு கதைத் தட்டுக்கு இல்லை. ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாக ஓட்டினால் ஒலியளவு முழு ஆல்பத்துக்கும் ஒன்றாகவே சமன்செய்யப்படும். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே நிற்கும். அதே பாட்டுகளைப் பிளேலிஸ்ட்டில் பிற பாட்டுகளோடு கலந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சமன்படுத்தப்படும். மெல்லியது உரத்துப் போகும், மேடுபள்ளம் தட்டையாகும்.

இதே காலத்து வேறு பாஸ்க் தட்டுகளோடு ஒப்பிட்டால் எசெகியெலின் இடம் தெரியும். பிரான்ஸ் பக்கத்து லப்புர்தியிலிருந்து வந்த எர்ரோபி குழுவின் 'அமெட்சாரென் பிதேயா', 'கனவின் பாதை', 1979-ல் வந்தது. அது கிட்டார் வலுவுள்ள ராக். வாசிப்புத் திறமையைத் தேடுவோருக்கு அதுவே மேல். ஹைசேயா குழுவின் 'ஹொன்ட்ஸ் கவுவா', 'ஆந்தை இரவு', அதே 1979. அமாயா சுபிரியாவின் குரலில் நாட்டார் இசையின் இருட்டு. அதன் தலைப்புப் பாட்டு மட்டும் ஏறத்தாழ 14 நிமிடம். கதை என்ற அளவில் இரண்டையும்விட எசெகியெல் கட்டுக்கோப்பானது. மூன்றில் ஒன்று மட்டும் என்றால், வரிசையாகக் கேட்கப் பொறுமை உள்ளவர் எசெகியெலையும், இரவில் விளக்கணைத்துக் கேட்பவர் ஹைசேயாவையும் எடுக்கலாம்.

இத்தோய்ஸ் இந்த வழியில் மேற்கொண்டு போகவில்லை. 1982-ன் 'அல்கொலேயா', 1983-ன் 'முசிகாஸ் பிலாய்', 1985-ன் 'எஸ்பலோயான்', 1987-ன் 'ஆம்புலன்ஸ்' என்று பாட்டுகள் குறுகி, பாப் பக்கம் சாய்ந்தன. வெளியே காலமும் மாறியிருந்தது. ஹெர்ட்சாய்னாக், கொர்தாத்து போன்ற பங்க் குழுக்கள் இரண்டு மூன்று நிமிடப் பாட்டில் தெருவை நிறைத்துக்கொண்டிருந்தன. பின்னாள் தட்டுகளும் நல்லவை, ஆனால் எசெகியெல் பிடித்ததென்று நேராக 'ஆம்புலன்ஸ்' வாங்கினால் வேறு குழுவோ என்று தோன்றும். நடுவில் 'அல்கொலேயா'வைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

முதன்முறை கேட்பவர் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் 1978 தட்டிலிருந்து 'லாவ் தெய்லாத்து'வும் 'ஹில்சோரி'யின் இரு பகுதிகளும் மட்டும், குரலும் வாத்தியங்களும் பழக. இரண்டாம் நாள் எசெகியெலின் முதல் பக்கம், இரண்டு முறை. முதலில் எதையும் படிக்காமல், அடுத்து தலைப்புகளைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் நாள் முழுத் தட்டு. பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு இது ஏற்ற தட்டல்ல. மெல்லிய இடங்கள் மின்விசிறிச் சத்தத்திலேயே தொலைந்துவிடும். ஹெட்போனில் கேட்பதானால் காதை மூடும் வகை நல்லது.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சிடி. வினைலுக்கு நல்ல ஊசியும் சரியான கோணமும் ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஷோஷோவா தட்டைத் தேடுங்கள். அப்போதும் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்படி ஓடுகிறது என்று விற்பவர் சொல்லும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.